கயிறு கொழுவியிருந்தது

அவன் பாதுகாப்புக் கயிற்றைக் கொழுவவில்லை என்று நான் பொலிசிடம் சொன்னேன். அது பொய். அவன் கொழுவியிருந்தான். அந்தக் கயிற்றை அவனுடைய மேலங்கியிலிருந்து கழற்றியவன் நான்தான். அவன் பனியில் நினைவில்லாமல் கிடந்தபோது, வேறு யாரும் வந்துசேர முன்னர் கழற்றினேன்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றைப் பிறகு செய்தேன். அதற்கு வருகிறேன். முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஒரு முழக் கயிற்றுக்கு ஏன் இவ்வளவு என்று வாசிப்பவர்களுக்கு விளங்காது.

பேர்ண் மலைப்பக்கத்தில் ஓர் உணவு விடுதி. கோடையில் ஒடுங்கிய பாதை ஒன்று மேலே வரும். பனி விழத் தொடங்கியதும் பாதையை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வசந்தம் வரைக்கும் பாண் ரொட்டி, வெங்காயம், உருளைக்கிழங்கு, எரிவாயுச் சிலிண்டர், வெளுத்த துணி எல்லாம் ஒரேயொரு பனிவண்டியில்தான் மேலே வரும். குப்பையும் அழுக்குத் துணியும் வெற்றுச் சிலிண்டரும் அதிலேயே கீழே போகும். முன்னால் சறுக்குவதற்கு இரண்டு பலகை, பின்னால் பனியைக் கவ்விச் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல ஓர் இருக்கை, இழுத்துக்கொண்டு போக ஒரு பெட்டி. ஊர்க்காரர் அதை ஷ்னேடெஃப் என்பார்கள். பனி மோட்டார் சைக்கிள் என்று பொருள். நாங்கள் மாடு என்றோம். குளிர்காலக் காலைகளில் அதைக் கிளப்புவதற்குப் பட்ட பாட்டில் வைத்த பெயர் அது. இந்த நாட்டில் ஆசைக்கு அதை ஓட்டித் திரிய முடியாது. அனுமதி எடுத்த பாதையில், வேலைக்கு மட்டும்தான்.

நான் பொறியியல் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தவன். அகதியாக வந்து, அந்த விடுதியில் கோப்பை கழுவினேன். ஒரு மாரியில், பனிக்காலத்தில், மாடு கிளம்பவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. கீழேயிருந்து திருத்துபவர் வர நாளாகும் என்றார்கள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெய்க் கரி பிடித்து ஊறிப்போயிருந்தது. துடைத்துப் பூட்டி இழுத்தேன், கிளம்பியது. அன்றிலிருந்து முதலாளி என்னைச் சமையலறையிலிருந்து எடுத்து வண்டிக் கொட்டகைக்கு அனுப்பினார். அங்கே வேலைசெய்த தமிழ்ப் பொடியன்கள் என்னை இஞ்சினியர் அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் எனக்குத் தலைக்கேறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படித்து முடிக்காத படிப்புக்குக் கிடைத்த பட்டம் அது. அதைக் காப்பாற்றுவதற்காக நான் எதையும் தெரியாது என்று சொல்லாதவனாக மாறினேன்.

மாட்டைப் பராமரிப்பது கடினமான வேலையல்ல, ஓயாத வேலை. எஞ்சினிலிருந்து பட்டிக்கு விசையைக் கடத்தும் பெல்ட் ஒன்று உண்டு. சுமை ஏற்றி ஏற்றத்தில் இழுத்தால் அது சூடேறித் தேயும், ஒருநாள் கயிறு கயிறாகப் பிய்ந்துபோகும். அதனால் இருக்கைக்குக் கீழே எப்போதும் மேலதிகமாக ஒன்று இருக்கவேண்டும். ரப்பர்ப் பட்டி தொய்ந்தால் பல் வழுக்கும். இறுகினால் தாங்கிகள் கெட்டுப்போகும். பட்டி ஓடுகிற தண்டவாளத்தில் பிளாஸ்டிக் பூண் பூட்டியிருக்கும். அதைக் குளிரவைப்பது பட்டி வாரி எறியும் பனித்தூள். மாரி முடிகிற காலத்தில் பாதை வெறும் ஐஸாக இறுகிக் கிடக்கும்போது தூள் பறக்காது, பூண் உருகும். அந்தக் கருகல் மணம் கொட்டகைக்குள் வந்ததும் இன்றைக்கு ஓட்டியவன் கரைப்பனிக்குள் இறங்காமல் நடுப்பாதையிலேயே வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஓட்டுவதும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சறுக்கல். உள்ளே இருப்பவனுக்கு மல்லுக்கட்டு. மலைச்சரிவைக் குறுக்கே வெட்டிப் போகும் இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் மலைப்பக்கமாகச் சாய்த்துப் போகவேண்டும். கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், வண்டி பள்ளத்தைப் பார்க்கும். கைப்பிடியின் சூட்டில் உள்ளங்கை வேக, விரல்நுனி விறைக்கும். பெட்ரோலும் எண்ணெயும் கலந்து எரிகிற புகை தொண்டையில் ஒட்டும். ஆனால் காற்றில்லாத ஒரு காலையில், யாரும் மிதிக்காத புதுப்பனியில் வளைவைத் திரும்பும்போது, வண்டிக்குப் பாரமே இல்லாதது போலிருக்கும். அதற்காக நானே வலியக் கேட்டு ஓட்டிய நாட்களும் உண்டு.

இனிக் கயிறு. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு குமிழ். அதன்மேல் தொப்பி போல ஒரு மூடி. மூடி குமிழில் இருந்தால்தான் எஞ்சின் ஓடும். மூடியிலிருந்து ஒரு சிறு கயிறு வந்து ஓட்டுபவனின் மேலங்கியில் கொழுவப்படும். அவன் விழுந்தால் கயிறு மூடியை இழுத்துக் கழற்றும். எஞ்சின் அந்த இடத்திலேயே நிற்கும். அவ்வளவுதான். விழுந்தவன்மேல் ஓடும் வண்டி ஏறாமல் இருப்பதற்கு உள்ள ஒரே வழி அது.

எங்கள் மாட்டின் மூடி தளர்ந்துபோயிருந்தது. மேடுபள்ளத்தில் துள்ளும்போது தானாகவே கழன்று விழும். நடு ஏற்றத்தில், பெட்டி நிறையச் சுமையுடன் எஞ்சின் நின்றுவிடும். விபத்துக்கு முந்திய மாரியின் முடிவில் முதலாளி சொன்னார்: புதிய சுவிட்ச் ஒன்று வரவழை. நான் சரி என்றேன். கோடை முழுவதும் வரவழைக்கவில்லை. பழைய மாதிரி வண்டி, தேடவேண்டும், எழுதிக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் சாட்டு. உண்மையில், ஒரு மூடிக்காகக் கடைக்காரனிடம் போவது எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. நானே ஏதாவது செய்வேன் என்று நினைத்துக்கொண்டேயிருந்து மறந்தும் போனேன்.

இலையுதிர் காலத்தில், மாரிக்கு முன்னர் வண்டியைக் கழற்றிப் பூட்டுகிற நாட்களில்தான் ஆயுத பூசையும் வரும். வருடாவருடம் நான் மாட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். எனக்குப் பெரிய பக்தியொன்றும் கிடையாது; பொடியன்களுக்காகச் செய்வது. அந்த முறை மூடியைக் குமிழோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டினேன். வயர்களைக் கட்டுகிற அந்த நாடாவை ஒருமுறை இழுத்து இறுக்கினால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். இனிக் கழன்று விழாது. கழலவேண்டிய நேரத்திலும் கழலாது என்பது எனக்குத் தெரியும். படித்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மாரி தொடங்கமுன்னர் புதியதை எடுத்துவிடலாம், அதுவரைக்கும்தானே என்று நினைத்தேன்.

ஆனால் கறுப்பு நாடா கண்ணில் குத்தியது. அதன்மேல் மஞ்சள் நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தேன்.

முதலாளி வந்து பார்த்தார். சுவிட்ச் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். இதென்ன என்று மஞ்சள் நூலைக் காட்டினார். எங்கள் சமய வழக்கம், அடுத்த வருடம் வரைக்கும் கழற்றக்கூடாது என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். ஒருவரும் இதைத் தொடக்கூடாது என்று வேலைக்காரர் எல்லோரிடமும் சொல்லிவைத்தார். நான் அப்போது உள்ளுக்குள் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த மாரியில் மாட்டை ஓட்டியவன் அவன். யாழ்ப்பாணத்துப் பக்கத்தவன், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவன். கீழே கிராமத்தில் மனைவியும் கைக்குழந்தையும். எதையும் இரண்டு தரம் பார்க்கிறவன். பெட்டியின் பட்டியை இறுக்கிவிட்டுத் திரும்பவும் போய் இழுத்துப் பார்ப்பான்.

"நீ என்ன பிளேனோ ஓட்டப் போறாய்?" என்று கேட்பேன்.

"பிளேனெண்டா பின்னாலை ஆக்கள் இருப்பினம் அண்ணை, ஏதும் எண்டாச் சத்தம் போடுவினம். இஞ்சை வெங்காயம்தானே இருக்கு. அது கத்தாது."

காலையில் புறப்பட முன்னர் அந்த மஞ்சள் நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவான். பிறகு கயிற்றை மேலங்கியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வான்: "கொழுவிட்டன் அண்ணை."

எங்கள் பேச்சில் மாட்டுவதும் கொழுவுவதுதான், சண்டை பிடிப்பதும் கொழுவுவதுதான். நான் கேட்பேன்: "ஆரோடை?"

"இந்த மாட்டோடைதான். என்னோடை கொழுவுறதுக்கு மனிசி கீழையெல்லோ நிக்கிறா."

ஒரே பகிடி, ஒவ்வொரு நாளும். புளிக்கவில்லை. வண்டியை நிறுத்தும்போது அவன் சாவியைத்தான் திருப்புவான். அதனால் மூடி அசையாது என்பது அவனுக்குத் தெரியவே வரவில்லை. மாரி தொடங்கிப் பாதியும் போய்விட்டது. நான் புதிய சுவிட்சுக்கு எழுதவில்லை.

அன்றைக்கு முதல்நாள் வெயில் அடித்து, இரவு உறைந்து, பாதை முழுக்க ஐஸ். அவன் வெற்றுச் சிலிண்டர்களை ஏற்றிக் கட்டிவிட்டு வந்தான்.

"கண்ணாடி மாதிரிக் கிடக்கு அண்ணை. கொஞ்சம் வெயில் ஏற விட்டுப் போகவோ?"

"பாண் வந்து கீழை நிக்குது. உருட்டி உருட்டி மெல்லப் போ."

"ஓம். கொழுவிட்டன் அண்ணை."

எனக்கு வேறு வேலை கையில் இருந்தது. ஆரோடை என்று கேட்கவில்லை. ஆனால் கேட்டது. அவன் சொன்னது என் காதில் விழுந்தது.

வண்டியின் சத்தம் வளைவுக்கு அப்பால் தேய்ந்து தேய்ந்து போவதுதான் வழக்கம். அன்று தேயவில்லை. ஒரே இடத்தில் நின்று வீரிட்டது. பட்டி பனியைத் தொடாமல் வெறுமையில் சுழலும் சத்தம் அது. நான் ஓடினேன். சரிவில் வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. அவன் அதன் கீழே. விழுந்தவனை அந்தக் கயிறு வண்டியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தது; பிறகு வண்டி அவன்மேலேயே சாய்ந்திருந்தது. ஓடுகிற பட்டி முழங்காலைத் தின்றுவிட்டது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். மலை சட்டென்று அமைதியானது. கயிறு விறைப்பாக நின்றது, ஒரு முனை அவன் மார்பில், மறுமுனை என் மஞ்சள் நூலின் கீழ்.

மூச்சு இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்த பிறகு நான் செய்த முதல் வேலை, சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து நூலையும் நாடாவையும் வெட்டியது. மூடியைக் குமிழில் விட்டேன். கயிற்றை அவன் மேலங்கியிலிருந்து கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். வெட்டியதைப் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவன் காலை என் கழுத்துத் துணியால் கட்டினேன்.

அந்த வசந்தத்தில் எனக்குக் குடியுரிமை விசாரணை இருந்தது. கிராமசபை ஆட்கள் முன்னால் போய் உட்கார்ந்து நான் ஒழுங்கான மனிதன் என்று காட்டவேண்டும். அந்தக் கத்தியை எடுத்தபோது அதைத்தான் நினைத்தேனா என்று பல வருடங்களாக என்னையே கேட்டிருக்கிறேன். ஓம், நினைத்தேன்.

முதலாளி ஓடிவந்தார். ஹெலிகொப்டர் வந்தது. பொலிஸ்காரர் இளைஞர், மரியாதையாகக் கேட்டார். நீங்கள் வரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா? ஆம். கயிறு எங்கே இருந்தது? கைப்பிடியில் தொங்கியது. அவர் எழுதிக்கொண்டார். முதலாளி என் தோளில் கைவைத்து, உங்கள் நூலும் உதவவில்லையே என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனது சில நாட்களுக்குப் பிறகு. அவனுக்குத் தலையிலும் அடி. அந்தக் காலை அவன் நினைவிலிருந்து முழுதாகப் போய்விட்டது. முதல்நாள் வெயில் ஞாபகம் இருக்கிறது, கண் விழித்தது ஞாபகம் இருக்கிறது, இடையில் ஒன்றுமில்லை. மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே இருந்தாள். அவன் என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, பொலிஸ் வந்து கேட்டவங்கள். எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நீங்கள் நிண்டனீங்கள்தானே. நான் கொழுவினனானோ?"

நான் முதலில் குறிப்பிட்ட பெரிய பிழை இதுதான். பொலிசிடம் சொன்னது பயத்தில் சொன்னது. இங்கே பயப்பட ஒன்றுமில்லை. தெரியாது தம்பி, நான் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும், அவனுக்கு ஒரு சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்.

"இல்லையடா. ஹாண்டிலிலை தொங்கினது. அவசரத்திலை மறந்திட்டாய்."

அவன் என் கையை விட்டான். "நானோ?" என்றான். பிறகு மனைவி பக்கம் திரும்பாமலே, "மறந்து போனன் போலை" என்றான்.

அவள்தான் அழுதாள். "சின்னப் பிள்ளை இருக்கெண்டு நினைச்சிருந்தா மறப்பீங்களோ?" என்றாள். அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

கடும் கவனயீனம் என்று எழுதி விபத்துக் காப்புறுதி அவனுக்குரிய பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தது. நின்று செய்யும் வேலை எதுவும் இனி அவனால் முடியாது. அவர்கள் ஷ்லீரன் நகரத்துக்குக் குடிபோனார்கள்; அங்கே அவள் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். எனக்குக் குடியுரிமை கிடைத்தது. விசாரணையில் ஓர் அம்மா, விபத்தில் சிக்கிய தோழனுக்கு முதலில் ஓடிப்போய் உதவியவர் இவர் என்று என்னைப் பற்றிச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்று ஆரா நகரத்துக்கு இறங்கி வந்து இப்போது சில வருடங்களாகின்றன. அவனை இடையிடையே கோயிலில் கண்டு பேசுவேன். தடியூன்றி வருவான். அண்ணை, சுகமாய் இருக்கிறியளோ என்பான். எனக்குக் கதை நீளாது. ஏதோ சாட்டுச் சொல்லி விலகிவிடுவேன்.

போன வருடம் ஒரு சாமத்திய வீடு, பிள்ளை பெரியபிள்ளையான சடங்கு. ஆராவில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். என் மேசையிலேயே அவனும் இருந்தான். பக்கத்தில் இருந்த ஒரு பெண், படம் எடுக்கப் போகிறேன், கொஞ்சம் பிடியுங்கோ அண்ணை என்று தன் குழந்தையை அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என்னட்டைத் தராதேங்கோ தங்கச்சி. நான் மறதிக்காரன். வைச்ச இடம் மறந்திடுவன்."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். யாரோ எனக்குச் சொன்னார்கள்: "பகிடி இல்லை அண்ணை. உண்மையாத்தான். தன்ரை பிள்ளையையே தூக்கித் திரிஞ்சதில்லை. கார் ஓடமாட்டார். வீட்டை விட்டு வெளிக்கிட்டா மூண்டுதரம் திரும்பிப்போய்க் கதவைப் பாப்பார். மனிசி பாவம்."

என் இலையில் சோறு அப்படியே கிடந்தது. ஒரு காலை நொண்டியாக்கினேன் என்பது எனக்கு முதலே தெரியும். மிச்சம் அன்றுதான் தெரிந்தது. எதையும் இரண்டு தரம் பார்க்கிற மனிதனுக்கு, நீ மறக்கிறவன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவன் தன்னையே நம்பாமல் ஒரு வாழ்க்கை முழுவதையும் வாழ்ந்துகொண்டிருந்தான்.

அடுத்த கிழமை ஷ்லீரனுக்குப் போனேன். மகள் தொழிற்பயிற்சிக்குப் போயிருந்தாள். அவனும் அவளும்தான் வீட்டில். தேத்தண்ணி வேண்டாம், முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, நாடா, நூல், சந்தனம், கத்தி, கயிறு. அவன் அன்று காலை வாய்விட்டுச் சொன்னதையும் சொன்னேன். இங்கே எழுதியிருப்பதில் ஒன்றையும் மறைக்கவில்லை.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் பக்கம் சாய்ந்து என் முழங்காலில் தட்டினான்.

"அண்ணை, உங்களுக்கு வயசு போட்டுது. தனிய இருந்து யோசிக்கிறியள்."

"இல்லைத் தம்பி. நான்தான் கழட்டினனான். நீ கொழுவியிருந்தனீ."

"நான் கொழுவேல்லை அண்ணை. எனக்கெல்லோ ஞாபகம் இருக்கு. முந்தி இல்லை, பிறகு மெல்ல மெல்ல வந்தது. கையுறை போட்டிட்டன், கயிறு ஹாண்டிலிலை தொங்குது, ஆடுது. வளைவு தாண்டிக் கொழுவுவம் எண்டு நினைக்கிறன். இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது."

அது நான் ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சொன்ன வசனம். அதற்கு அவன் கையுறையும் வளைவும் சேர்த்திருந்தான். என் பொய் அவன் தலைக்குள் ஒரு காலைப்பொழுதாக வளர்ந்திருந்தது. அந்தக் காலையில் வெளிச்சம்கூட இருந்தது. நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் திரும்பத் திரும்ப, அன்பாக, மறுத்தான். என் குரல் உயர்ந்தது. "சரி அண்ணை, சரி" என்றான், பிள்ளையைச் சமாளிப்பதுபோல.

அவள் நம்பினாள். வாசல்வரை என்னோடு வந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று சொன்னாள்:

"இவ்வளவு காலமும் அவரைத்தானே ஏசினனான். பிள்ளையைத் தொட விடேல்லை நான். அவராத் தொடாமல் விட்டதெண்டு சனம் சொல்லுது. நான்தான் விடேல்லை."

நான் கைகூப்பினேன்.

"கும்பிடாதேங்கோ" என்றாள். "போங்கோ."

நான் அதோடு விடவில்லை. பொலிசுக்கும் காப்புறுதிக்கும் போய் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். தண்டனை கிடைத்தால் கிடைக்கட்டும் என்றிருந்தது. கிடைக்கவேண்டும் என்று விரும்பினேன் என்றுதான் சொல்லவேண்டும். பொலிஸ் பக்கத்தில் காலம் கடந்துவிட்டது என்றார்கள். காப்புறுதியில் கதிரை தந்து, முழுவதையும் கேட்டார்கள். வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. முதலாளி உயிரோடு இல்லை. சாட்சி என்று மிஞ்சியிருப்பது பாதிக்கப்பட்டவர் ஒருவர்தான், அவரைக் கேட்கிறோம் என்றார்கள்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் உண்மை பேசுகிறவன். தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னான். கயிற்றைக் கொழுவாதது நான்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தப் பெரியவர் எனக்கு உதவி செய்ய நினைத்துத் தன்மேல் போட்டுக்கொள்கிறார், அவர் தங்கமான மனிதர், இப்போது கொஞ்சம் தடுமாறுகிறார் என்று சொல்லியிருக்கிறான். பழைய முடிவை மாற்ற ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னவள் அவள்.

"உங்களைக் காப்பாத்தச் சொன்னவரெண்டு நினையாதேங்கோ. அவருக்கு உண்மையா அப்பிடித்தான் தெரியுது. நானும் மகளும் இருந்து சொல்லிப் பாத்திட்டம். எங்கள் ரெண்டு பேருக்கும் நீங்கள் சொல்லித் தந்திட்டியள் எண்டு சிரிக்கிறார்." பிறகு, "முந்தி எனக்குக் கோவிக்க ஆராவது இருந்தினம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னுடன் பேசவில்லை.

அவன் பேசுகிறான். கோயிலில் ஆட்களிடம் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்கிறானாம். தனக்காகப் பழியை ஏற்கத் துணிந்த மனிதர், ஆனால் பாவம், மறதி வந்துவிட்டது, தனியாக இருக்கிறார், எல்லோரும் ஒரு கண் வைத்திருங்கள் என்று. சிலர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறார்கள். இல்லை, எனக்கு மறதி இல்லை என்று சொன்னால் இன்னும் இரக்கமாகப் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தவறாமல் தொலைபேசி எடுக்கிறான். மருந்து எடுத்தனீங்களோ, சாப்பிட்டனீங்களோ என்று கேட்டுவிட்டு, கடைசியாக, "அடுப்பை நிப்பாட்டினனீங்களோ அண்ணை?" என்று கேட்கிறான்.

நிறுத்திவிட்டேன் தம்பி என்கிறேன்.

"அப்பிடித்தான் நாங்கள் நினைக்கிறது. எனக்குத் தெரியுமெல்லோ. எழும்பிப் போய் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ. நான் லைனிலை நிக்கிறன்."

நான் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். அணைந்துதான் இருக்கிறது. வந்து, பார்த்துவிட்டேன் என்று சொல்கிறேன். "நல்லது அண்ணை" என்கிறான், நிம்மதியாக.